பூச்சியம் வாங்கினால் நல்லது

மதிப்பெண் என்றவுடன் நம் நெஞ்சம் நூற்றுக்கு நூறையே நாடுகிறது. ஆனால் பூச்சியம் வாங்குபவரே நலமுள்ளவர் என்று கூறும் தேர்வு ஒன்றும் உண்டு. பக்கவாதத்தின் கடுமையை அளக்க மருத்துவர்கள் நடத்தும் தேர்வு அது. அமெரிக்காவில் தாமஸ் பிராட் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 1989-ல் வெளியிட்ட இதனை 'என்.ஐ.எச். பக்கவாத அளவுகோல்' என்பர். மொத்தம் 42 மதிப்பெண். ஏற ஏற ஆபத்து.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் வெடித்தாலும் அடைபட்டாலும் பக்கவாதம் வரும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்குமுன் இரத்தக்கசிவு இல்லையென்று சி.டி. ஸ்கேன் காட்டவேண்டும்.

தேர்வு எப்படி நடக்கிறது? படுத்திருப்பவரின் கையை 45 பாகை உயர்த்தி, பத்து விநாடி அப்படியே நிறுத்தச் சொல்வார்கள். அசையாமல் நின்றால் 0. மெல்லத் தாழ்ந்தால் 1. முயன்றும் படுக்கையில் விழுந்தால் 2. தூக்கவே இயலாவிட்டால் 3. சிறிதும் அசையாவிட்டால் 4. காலுக்கு 30 பாகை, ஐந்து விநாடி. கண், முகம், தொடு உணர்ச்சி, பேச்சு என்று தொடர்ந்து பார்ப்பார்கள். விடை சொல்லிக்கொடுக்கக் கூடாது. முதலில் சொன்ன விடைக்கே மதிப்பெண். நம் தேர்வறைச் சட்டத்தைவிடக் கடுமை!

"இது என்ன மாதம்? உங்கள் வயது என்ன?" என்பதும் ஒரு வினா. நம் கிராமத்துப் பாட்டி "ஆடி" என்பார். வயதோ அவருக்கு எந்நாளும் தெரியாது. அது நோயின் குறையா? உடன் வந்தவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

ஓசூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ், அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடம். படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்கையில், பாட்டி தடுமாறுவது நோயாலா, மொழியாலா? அவர் வீட்டில் பேசும் மொழியில் கேட்டால்தான் உண்மை தெரியும். எண்ணுக்கு மட்டும் எல்லையில்லை. ஓசூரில் "14" என்று எழுதியனுப்பினால், பெங்களூர் நிமான்ஸ் மருத்துவரும் அதே பொருளில் படிப்பார். அங்கே 18 ஆகியிருந்தால், வழியில் நோய் முற்றிவிட்டது என்று உடனே அறிவார்.

குறையும் உண்டு. பேச்சைச் சார்ந்தே 7 மதிப்பெண் இருப்பதால், வலப்பக்க மூளை கெட்டவருக்குக் குறைந்த எண் வரலாம். தலைசுற்றலும் தள்ளாட்டமும் மட்டுமே உள்ளவருக்குச் சில வேளை பூச்சியமே வரும், நோயோ சிறியதன்று.

மருத்துவர் வீட்டாரிடமும் ஒன்று கேட்பார்: "கடைசியாக நன்றாக இருந்தது எப்போது?" இரவு ஷிப்டு முடித்துக் காலை 8 மணிக்குத் தூங்கிய தந்தை, பகல் 2 மணிக்கு வாய் கோணி எழுந்தால், கணக்கு 8 மணியிலிருந்தே. அப்போதும் 108-ஐ அழைக்கத் தயங்கவேண்டாம். விசேஷ ஸ்கேன் பார்த்து, தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் வழியே எடுக்கிறார்கள்.