டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள்

சோளிங்கர், ஆற்காடு, ஆம்பூர் காயலான் கடைகளில் நாற்பது வருஷமாகப் பழைய கண்ணாடி தேடுகிறவன் நான். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. முதலில் அடியைப் பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல ஆரஞ்சும் ஊதாவுமாக மினுங்கும் டம்ளர் கிடைத்தால், அடியில் ஆங்கில எழுத்தில் ‘ஜெயின்’ என்று புடைத்திருக்கிறதா எனத் தடவுங்கள். உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலையின் பெயர் அது. பலிவால், வெஸ்ட் என்ற பெயர்களும் அகப்படும். இந்த மினுக்குச் சாமானுக்குக் கார்னிவல் கண்ணாடி என்று பெயர். 1907 வாக்கில் அமெரிக்காவில் பென்டன் கம்பெனி தொடங்கிவைத்ததைப் பிரோசாபாத்துக்காரர்கள் தங்கள் வழியில் செய்தார்கள். மீன், யானை, மனிதக் கை என்று பூச்சாடிகள்கூட வார்த்தார்கள். வெளிநாட்டில் தேடி வாங்குகிற இதை நாம் எடைக்குப் போடுகிறோம். எனக்கு மனசு ஆறவில்லை.

2. பெயர் இல்லையா? உள்ளே விரலை விடுங்கள். வெளியில் உள்ள பூவேலையின் மேடுபள்ளம் உள்ளேயும் தட்டுப்பட்டால், அச்சுக்குள் ஊதிச் செய்தது. உள்பக்கம் வழவழவென்றிருந்தால், அச்சில் அழுத்திச் செய்தது. பிரோசாபாத் டம்ளர்கள் ஊதியவை. பழைய அமெரிக்கச் சரக்கு பெரும்பாலும் அழுத்தியது. இதைப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது, விரல்தான் கற்க வேண்டும்.

3. கழுவும்போது சாம்பல், மணல், தேங்காய் நார் வேண்டவே வேண்டாம். சூடான கண்ணாடிமேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்துப் படியவைத்த மெல்லிய தோல்தான் அந்த மினுக்கு நிறம். பாட்டியின் டம்ளரைச் சிறுவயதில் நான்தான் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் வெறும் கண்ணாடியாகிவிட்டது. வருகிறவர்களுக்குக் காட்டவே அதை வைத்திருக்கிறேன்.

4. பெரிய பெயரைக் கண்டு மயங்காதீர்கள். பிரான்சின் கண்ணாடிக் கலைஞர் எமில் கல்லே 1904இல் இறந்தார். அவர் பாணியில் ருமேனியாவில் செய்த ஜாடிகளில் அவர் பெயரோடு, ‘மாதிரி’ என்று பொருள்படும் ‘டிப்’ என்ற சொல்லும் இருக்கும். அதைச் சுரண்டிவிட்டு விற்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் தேய்த்த தடம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

5. கோலி சோடா புட்டியில் புடைத்திருப்பது பல நேரம் சோடா கம்பெனியின் பெயர். புட்டி வார்த்தவர் பெயரை அடியில் தேடுங்கள்.

6. வாங்கிய இடம், தேதி, அந்த வீட்டுப் பெரியவர்கள் சொன்னது எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். செய்தவர் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். என் நோட்டில் அப்படி முப்பத்தொரு சாமான் இருக்கிறது.