தட்டைக் குறைத்தேன், டம்ளரைக் கூட்டினேன்

2022 ஜூன், பள்ளி திறந்த வாரம். எடை மெஷினில் ஏறினேன்: 89 கிலோ. அடுத்த வாரமும் 89. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அந்த எண் 88.6-க்கும் 89.4-க்கும் நடுவில் நின்றுகொண்டது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் இது நடந்தால் மனசு என்ன பாடுபடும் என்பது அறுவை செய்துகொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த அறுவையைக் குறுக்கு வழி என்று சொல்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் உயரம் 158 செ.மீ., அறுவைக்கு முன் எடை 118 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. இரவில் மூச்சு நின்றுவிடாமலிருக்க மூக்கில் சிபாப் கருவி. கரும்பலகை முன்னால் பத்து நிமிடம் நிற்க முழங்கால் இடம் கொடுக்காது. பன்னிரண்டு வருடம் நடை, பேலியோ, கொள்ளு ரசம் எல்லாம் பார்த்தவள் நான். பத்து கிலோ குறையும், பதினான்கு கிலோ ஏறும். 2021 நவம்பரில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை. முன்னால் இரண்டு வாரத் திரவ உணவு, பின்னால் தெளிந்த சூப், மசித்த உணவு, மூன்றாம் வாரத்தில் எடை கொஞ்சம் நின்று தானாகவே இறங்கியது, நாலாம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது என்று எல்லாம் நீங்களும் கடந்து வந்தவைதான். நான் சொல்ல வந்தது ஏழாம் மாதத்தைப் பற்றி.

அந்த ஜூலையில் ஒரு காதுகுத்து விசேஷம். பந்திக்கு முன்னால், ஊரே உட்கார்ந்திருந்த இடத்தில், என் நாத்தனார் சொன்னார்: "அஞ்சு லட்சத்தக் கொட்டிப்போட்டு வந்தும் அப்படியேதான் இருக்குற அம்மிணி." 29 கிலோ குறைத்து நின்றவளிடம் சொன்ன வார்த்தை அது. அன்றைக்குப் பந்தியில் நான் உட்காரவில்லை. இனிமேல் சாப்பாட்டையே தொடக்கூடாது என்று வீட்டுக்கு வரும் வழியில் முடிவெடுத்தேன். எனக்கு மிக அதிக நஷ்டம் தந்த முடிவு அதுதான்.

காலையில் சாப்பிட்ட இரண்டு முட்டையை நிறுத்தினேன். மதியம் எடுத்துக்கொண்ட மீனையும் கோழியையும் நிறுத்தினேன். பனீர் கொழுப்பு என்று அதையும் ஒதுக்கினேன். மயக்கம் வராமல் இருக்க வேண்டுமே என்று, 'கஞ்சிதானே, கூழ்தானே' என்று குடிக்க ஆரம்பித்தேன். ஆடி மாதம் வேறு. கோயில் கூழை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வீட்டில் கம்மங்கூழ், சாயங்காலம் வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி, இடையில் மாதுளை ஜூஸ். எல்லாம் உடம்புக்கு நல்லது என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவை. தட்டு காலியாக இருந்ததால் நான் பட்டினி கிடப்பதாகவே நம்பினேன்.

மருத்துவமனைக்கும் போகவில்லை. அதற்கு என் வெட்கம் பாதிக் காரணம், அவர்கள் பாதிக் காரணம். அறுவைக்கு முன்னால் வாரம் மூன்று முறை போன் செய்தவர்கள், ஆறாம் மாதத்துக்குப் பிறகு என்னை மறந்தே போனார்கள். டயட்டீஷியன் கொடுத்த தாளில் புரோக்கோலி, ஓட்ஸ், கிரீக் யோகர்ட் என்றிருந்தது. காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்து, ஆறு பேருக்கு டிபன் செய்து, ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பவளுக்கு அந்தத் தாளால் என்ன பயன்? உங்கள் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும். ஒருநாள் நானே போன் செய்து எடை நின்றுவிட்டது என்றபோது, எதிர்முனையில் இருந்த ஒருங்கிணைப்பாளர் சொன்னது: "வேணும்னா பைபாஸா மாத்திக்கலாம் மேடம், பேக்கேஜ் இருக்கு." ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை, ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. அந்த இரண்டாவது அறுவைக்கு நான் சம்மதிக்கவில்லை. அது நான் எடுத்த நல்ல முடிவு.

செப்டம்பரில் படியேற முடியாமல் கால் நடுங்கிய பிறகுதான் போனேன். பெரிய டாக்டர் அன்றைக்கு ஊரில் இல்லை. அவரிடம் பயிற்சியில் இருந்த இளம் பெண் டாக்டர் பார்த்தார். அதுவரை கேட்டவர்கள் எல்லோரும் என்ன சாப்பிடுகிறாய் என்றே கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும், "ஒரு நாளைக்கு என்னென்ன குடிப்பீங்கம்மா?" என்று கேட்டார். ஐந்தரைக்குச் சர்க்கரை போட்ட காபி, பஸ்ஸுக்கு முன்னால் கூழ், பதினொன்றுக்கு ஸ்டாஃப் ரூம் டீ, மதியம் ரசம் ஊற்றிக் கரைத்த சாதம், நாலுக்கு ஜூஸ், ஆறுக்குக் கஞ்சி, படுக்கும்போது பால் என்று அடுக்கினேன். அவர் எழுதிக் கூட்டிக் காட்டினார். நாள் முழுக்க 1,300 கலோரி, அதில் ஆயிரத்துக்கு மேல் டம்ளரில். புரதம் 28 கிராம். எனக்குக் குறைந்தது 60 வேண்டும். பரிசோதனையில் இரும்புச்சத்தும் பி12-ம் அடிமட்டத்தில் இருந்தன.

அவர் சொல்லித்தான் புரிந்தது. சின்னதாக்கிய இரைப்பை கெட்டியான உணவைத்தான் தடுத்து நிறுத்தும். முட்டையும் மீனும் அங்கே தங்கி, போதும் என்று சொல்ல வைக்கும். கஞ்சியும் ஜூஸும் கரைத்த சாதமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். புரதம் இல்லாவிட்டால் உடம்பு தசையைக் கரைக்கும், தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது செலவாகும் கலோரியும் குறையும். போதாததற்கு, 118 கிலோ உடம்பைச் சுமந்து நடப்பதற்கான செலவு 89 கிலோவுக்கு இல்லை. ஜூனில் எடை நின்றதற்குக் காரணம் இந்தக் கடைசிக் கணக்குதான். அது எல்லோருக்கும் வருவது. ஜூலைக்குப் பிறகு நின்றதற்குக் காரணம் நான்.

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் மறுபடி இரண்டு முட்டை, அதுவே 12 கிராம். மதியம் தட்டில் முதலில் மீன் அல்லது கோழி, வெள்ளிக்கிழமை பனீரும் சுண்டலும், இடமிருந்தால் மட்டும் காய், கடைசியில் ஒரு கரண்டி சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி கழித்துத்தான். காபி ஒரு வேளை, சர்க்கரை இல்லாமல். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இரண்டு மணி நேர இடைவெளியில். நடையோடு, தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஜிம்முக்குப் பணம் கட்டாதீர்கள். நான் கட்டிய மூன்று மாதத்தில் ஓடும் மெஷினைத் தவிர எதையும் கற்றுத் தரவில்லை.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று வாரம்தான் கடினம், பழைய புத்தி கஞ்சியைத் தேடும். நாலாம் வாரம் 600 கிராம் இறங்கியது. அறுவை நடந்து பதினெட்டாம் மாதம் 76 கிலோ. நடுவில் 81-ல் ஒரு மாதம் மறுபடி நின்றது. அப்போது நான் பதறவில்லை, ஏனென்றால் ஜாக்கெட்டை இரண்டு முறை பிடித்துத் தைக்கவேண்டியிருந்தது. மெஷின் காட்டாததை டெய்லரின் டேப் காட்டியது. தினமும் எடை பார்ப்பதை அன்றோடு விட்டு, வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொண்டேன்.

என் நாத்தனார் இப்போது பேச்சை மாற்றிக்கொண்டு, ரொம்ப இளைத்துவிட்டாய் என்கிறார். அதற்கும் நான் பதில் சொல்வதில்லை.

ஆறு வாரமாக எடை நின்றிருக்கிறதா? சாப்பாட்டை நீங்களாகக் குறைக்காதீர்கள். மூன்று நாள் குடித்ததையெல்லாம், மோர் ஒரு வாய் என்றாலும், ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு அறுவை செய்த இடத்துக்கே போய், ரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் போன் செய்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.