இடுப்பு வலித்தால் கிட்னி கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதமாக இடுப்பில் வலி. உட்கார்ந்து தைக்கத் தைக்கக் கூடுகிறது. இடது பிட்டம் வழியாக முழங்காலுக்குக் கீழே வரை இழுக்கிறது. படுத்தால் கொஞ்சம் தேவலை. "கிட்னியில் கல் இருக்கும், பாத்துக்க" என்று பக்கத்து மிஷின்காரர் சொன்னதிலிருந்து பயமாக இருக்கிறது. தினமும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?

— வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் சொல்கிற வலி கிட்னி வலி மாதிரி தெரியவில்லை. முதுகெலும்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு அழுந்தினால்தான் வலி இப்படிப் பிட்டம் வழியாக முழங்காலைத் தாண்டி ஓடும். உட்கார்ந்தால் கூடுவதும் படுத்தால் குறைவதும் அதற்கே பொருந்துகின்றன. எலும்பு மருத்துவர் ஒருவர் காலைத் தூக்கிப் பார்த்து, உணர்ச்சியைச் சோதித்து உறுதி செய்யட்டும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வலியைவிட அந்த மாத்திரைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிட்னி இருப்பது பலரும் கை வைத்துக் காட்டும் இடத்தில் அல்ல, அதற்கும் மேலே. கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேர்கிறதே, அந்த மூலையில். அதனால் அதன் வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக, விலாவுக்குக் கீழே, ஆழத்தில் தெரியும். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் படுத்தாலும் மாறாது. கல் இறங்கி சிறுநீர்க்குழாயில் அடைத்துக்கொண்டால் வலி அலை அலையாக வரும். விலாப்புறத்தில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை பாயும். வாந்தி வரும், சிறுநீர் சிவக்கலாம். முதுகுப் பிடிப்பு உள்ளவர் அசையாமல் கிடப்பார். கல் வலிக்காரருக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது, எழுந்து நடப்பார், உருளுவார். வார்டு வாசலில் நின்று பார்த்தாலே பல நேரம் வித்தியாசம் புரிந்துவிடும்.

விலாப்புற வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் கிட்னியில் கிருமித் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வேகமாக முற்றும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஸ்கேன் கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. 3 மி.மீ. கல் ஒன்று கிட்னிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பது தற்செயலாகத் தெரியலாம். எதையும் அடைக்காத அந்தக் கல் பொதுவாக வலி தராது. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பழி அதன் மேல் விழும். முதுகை யாரும் கவனிக்க மாட்டார்கள். கல்லைக் கரைக்க மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு, அதே இடுப்பு வலியோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாழைத்தண்டு பிடித்திருந்தால் பொரியலாகச் சாப்பிடுங்கள். இந்த வலிக்கு அது மருந்தில்லை.

இப்போது மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் பொருளையே உடலில் குறைத்துவிடும். நல்ல ஆரோக்கியம் உள்ளவர் இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சர்க்கரை உள்ளவர், வேர்த்துக் கொட்டும் கூடத்தில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், மாதக்கணக்கில் இரண்டு வேளையும் போடுவது வேறு. கிட்னியால் வலி வந்ததோ இல்லையோ, வலிக்குப் போட்ட மாத்திரையால் கிட்னி கெடலாம். கடையில் கேட்டு வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அட்டையில் பாராசிட்டமால் என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அசிக்ளோஃபினாக்கையும் பாராசிட்டமாலையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகள்தான் நம் கடைகளில் ஏராளம். பாராசிட்டமால் மட்டும் உள்ளதை, டாக்டர் சொன்ன அளவில் போடலாம்.

இன்னொன்று. சர்க்கரையால் கிட்னி கெடும்போது முதுகு வலிக்காது. எங்குமே வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி வருகிறவர்கள் "ஒரு வலிகூட இல்லையே டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்ற பரிசோதனையும், ரத்தத்தில் கிரியாட்டினினும். இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். பிறகு வருடம் ஒருமுறை கட்டாயம். கிரியாட்டினின் மட்டும் போதாது. கிட்னி கணிசமாகக் கெட்ட பிறகும் அது நார்மல் என்றே காட்டக்கூடும். ஆல்புமின் முன்னதாகவே கசியத் தொடங்கும். இவற்றில் ஏதாவது மாறியிருந்தால் ஸ்கேன் எடுப்போம்.

முதுகுக்குப் பிசியோதெரபி பாருங்கள். அரைமணிக்கு ஒருமுறை மிஷினை விட்டு எழுந்து நில்லுங்கள். காலில் பலம் குறைந்தாலோ, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அது நரம்பு நசுங்குவதன் அறிகுறி. நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.