கைகளால் பேசும் வீடு

செம்பவாங் விமானத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்பும்போது, அருகிலுள்ள அடுக்குமாடி வீடுகளில் வளரும் நாய்கள் காதுகளை நிமிர்த்தும். சில குரைக்கவும் செய்யும். காது கேளாத நாயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இத்தகைய நாய் வளர்ந்துவிட்ட நிலையில் காப்பகத்திற்கு வந்தால், அதற்குப் புதிய வீடு கிடைப்பது எளிதன்று. நாயைத் தத்தெடுக்க வருவோரில் பலர் குட்டிகளையே தேடுகின்றனர். பெயரைச் சொன்னதும் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் நாயை அவர்களுக்குப் பிடித்துவிடுகிறது. கூப்பிட்டும் திரும்பாத நாயை, "இது சொல்பேச்சு கேட்காது" என்று எண்ணி ஒதுக்கிவிடுகின்றனர். ஒரு காலத்தில் மேலைநாடுகளில், காது கேளாத டால்மேஷன் குட்டிகளைக் கருணைக்கொலை செய்வதே சரி என்று வளர்ப்போர் பலர் கருதினர். இன்று அக்கருத்து பெரிதும் மாறிவிட்டது.

காது கேளாமைக்குக் காரணங்கள் பல. டால்மேஷன் போன்ற வெள்ளை நிறம் மிகுந்த இனங்களில் இது பிறவியிலேயே காணப்படுவதுண்டு. உட்காதில் நிறமி அணுக்கள் இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். காது நோயாலும் முதுமையாலும் கேட்கும் திறன் குறையலாம். முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பது சரியான சோதனையாகாது. காற்றின் அசைவையோ தரையின் அதிர்வையோ உணர்ந்தும் நாய் திரும்பக்கூடும். ஒலிக்கு மூளை காட்டும் மின்விளைவை அளந்துதான் உறுதிசெய்ய வேண்டும்.

செம்பவாங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வாழும் ஒரு குடும்பம் இத்தகைய நாயைத் தத்தெடுக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கு ஒரு வீட்டில் ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். அதற்கு உரிமமும் பெற வேண்டும். உள்ளூர்க் கலப்பின நாயாக இருந்தால், 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ் விலங்குநல அமைப்புகளிடமிருந்து பெறலாம். 2020இல் இத்திட்டத்தின் எடை வரம்பு நீக்கப்பட்டது. தோள்பட்டை வரையிலான உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. குட்டி எவ்வளவு உயரம் வளரும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம். வளர்ந்த நாயையோ அளந்தே பார்த்துவிடலாம். அதன் குணமும் காப்பகத்தாருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்து, அந்த நாயுடன் எப்படிப் பேசுவது? நாய்கள் இயல்பாகவே நம் கைகளையும் முகத்தையும் கூர்ந்து கவனிப்பவை. உள்ளங்கையை உயர்த்தினால் 'உட்கார்', கட்டைவிரலைக் காட்டினால் 'நன்று' எனத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாம். நாயின் கவனத்தை ஈர்க்கத் தரையைத் தட்டலாம். ஆனால், கீழ்வீட்டாருக்கு அது தொந்தரவாகும். விளக்கை அணைத்து மீண்டும் போடுவது மேல். தூங்கும் நாயைத் திடீரெனத் தொட்டால் அது மிரண்டு கடிக்கவும் கூடும். ஆகவே, முதலில் மூக்கின் அருகே கையை நீட்டி, வாசனையை உணரவிட்டு, பிறகு தோளை மெல்லத் தொட வேண்டும்.

வெளியே செல்லும்போது கயிற்றை விடவே கூடாது. பின்னால் வரும் சைக்கிளின் மணியோசை அதற்குக் கேட்காது. ஓடிவிட்டால் நம் குரலும் எட்டாது. கழுத்துப்பட்டையில், 'எனக்குக் காது கேட்காது' என்று எழுதிய வில்லையை மாட்டலாம். மின்தூக்கியில் உடன்வரும் அண்டைவீட்டுப் பிள்ளைகளிடம், நாயைப் பின்னாலிருந்து தொட வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவைக்கலாம்.

ஒருமுறை வீட்டை இழந்த நாயை, 'எங்களால் முடியவில்லை' என்று மறுபடியும் காப்பகத்தில் விடுவது கொடுமையானது. எனவே, வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே சைகைகளைப் பயன்படுத்த முன்வருவார்களா என்று முதலில் கலந்து பேச வேண்டும். 'வா' என்பதற்கு அம்மா ஒரு சைகையும் தாத்தா வேறொரு சைகையும் காட்டினால் நாய் குழம்பிவிடும். அதை அழைத்துவரும் நாளுக்கு முன்பே, குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து அச்சைகைகளைப் பழகிக்கொள்வது நல்லது.