இருகாலக் கிறித்தவப் போர்க்கால நாவல்கள்: முன்னுரு, நிறைவுரு, வாசகர் இருக்கை

முன்னுரை

அமெரிக்கக் கிறித்தவப் பதிப்பகங்கள் வெளியிடும் புனைகதைகளை இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் வெகுசன எழுத்து என ஒதுக்கிவிடுகிறது. ஜேனட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ 1979இல் பெத்தனி ஹவுஸ் வெளியீடாக வந்தபின் தனி வாசகப் பரப்பாக வளர்ந்த இத்துறையில், அண்மைக் காலத்தில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் தென்படுகிறது. இரண்டாம் உலகப்போர்க் கால ஐரோப்பாவில் ஒரு பெண்ணின் கதை. பல பத்தாண்டுகள் கழித்து வாழும் இன்னொரு பெண்ணின் கதை. இரண்டும் மாறிமாறி வரும் இயல்களில் நடந்து, ஓர் ஓவியத்தாலோ கடிதத்தாலோ குடும்ப மறைபொருளாலோ இறுதியில் முடிச்சிடப்படுகின்றன. இவற்றை இக்கட்டுரை ‘இருகால நாவல்கள்’ என்று குறிக்கிறது.

இவ்வமைப்பு கிறித்தவப் புனைவுக்கு மட்டும் உரியதன்று. ஏ.எஸ். பயட்டின் ‘பொசெஷன்’ (1990), 1942ஆம் ஆண்டு பாரிசில் யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டதை மையமிட்ட தத்தியானா தெ ரோஸ்னேயின் ‘சாராஸ் கீ’ ஆகியன சமயச் சார்பற்ற இருகால நாவல்களே. ஆகவே, மர்மம் அவிழும் சுவை, அறியாத காலத்துக்குள் நம் காலத்து மாந்தர் ஒருவரின் கைபற்றி நுழையும் வசதி என வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள் எல்லா இருகால நாவல்களுக்கும் பொருந்துவன. கிறித்தவ வாசகரிடம் இவ்வடிவம் பெற்ற தனி ஈர்ப்பை அவை விளக்கவில்லை. அவ்வீர்ப்பின் வேர் விவிலியத்தை வாசிக்கும் பழைய முறை ஒன்றில் இருக்கிறது என்பதும், அதே வேர்தான் இந்நாவல்களின் அறச்சிக்கலுக்கும் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். கிறிஸ்டி கேம்ப்ரனின் ‘த பட்டர்ஃபிளை அண்ட் த வயலின்’ (2014), கேத்தி கோல்கியின் ‘சீக்ரெட்ஸ் ஷீ கெப்ட்’ (2015), மெலனி டாப்சனின் ‘மெமரீஸ் ஆஃப் கிளாஸ்’ (2019) ஆகிய மூன்றும் முதன்மைத் தரவுகள்.

மாந்தர் அறியாததை வாசகர் அறிதல்

கேம்ப்ரனின் நாவலில் வியன்னா நகரத்து வயலின் கலைஞரான அடேல், நாஜி உயர்நிலைப் படை அதிகாரி ஒருவரின் மகள். யூதர்கள் தப்பிச்செல்ல உதவியதற்காக ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பெண்கள் இசைக்குழுவில் வாசிக்கிறாள். நிகழ்கால இழையில் நியூயார்க் கலைக்கூட உரிமையாளரான சீரா, தலை மழிக்கப்பட்டு வயலின் ஏந்திய ஒரு பெண்ணின் ஓவியத்தைத் தேடி அலைகிறாள். மணமேடை வரை வந்து கைவிடப்பட்டவள் அவள். தேடலின் ஊடே அவளது நம்பிக்கையும் காதலும் மீள்கின்றன.

இரண்டு இழைகளில் எந்த ஒன்றும் தனித்து நிற்குமாயின் அது முறையே ஒரு முகாம் கதையாகவும் ஒரு காதல் கதையாகவும் முடிந்துவிடும். இணையும்போது நிகழ்வது வேறு. முகாமில் அடேல் இறைவனை நோக்கி எழுப்பும் கேள்விக்கு அவள் காலத்துக்குள் விடை முழுமையாக வருவதில்லை. அவள் வாழ்வு அவளுக்குத் தெரியாத ஒருத்தியின் வாழ்வில் சென்று தைக்கிறது. அதை அடேல் காண இயலாது. சீராவும் பாதியே காண்கிறாள். இரு காலங்களையும் ஒருங்கே கையில் வைத்திருப்பவர் வாசகர் மட்டுமே. மன்றாட்டு எழும் இயலை மூடி விடை முளைக்கும் இயலைத் திறப்பவர் அவர்தான். சமய மொழியில் கூறினால், காலம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும் இருக்கை இறைவனுக்கு உரியது. இருகால நாவல் அவ்விருக்கையைச் சில மணிநேரம் வாசகருக்கு வழங்குகிறது. இறைப் பராமரிப்பு என்பதைக் கோட்பாடாகக் கேட்டு வளர்ந்தவர் அதைக் கண்ணால் கண்டதுபோல் உணர்வது இங்கேதான்.

இதற்கு விவிலியத்திலேயே சான்று உண்டு. எபிரெயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் நம்பிக்கையால் வாழ்ந்த முன்னோரை வரிசைப்படுத்தி, அவர்கள் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலேயே இறந்தனர் என்றும், பின்வந்தோரை விட்டு அவர்களது வாழ்வு நிறைவடையாது என்றும் கூறி முடிகிறது. இறந்தோரின் வாழ்வுக்கு வாழ்வோர் நிறைவாகின்றனர் என்னும் இக்கருத்து, ஞாயிறுதோறும் மறையுரை கேட்டுப் பழகிய வாசகருக்குப் புதிதன்று. நாவலாசிரியர் அதைக் கதைப்பின்னலாக மாற்றுவதுதான் புதிது.

முன்னுருவும் நிறைவுருவும்

இங்கு எரிக் அவுர்பாக் 1938இல் வெளியிட்ட ‘ஃபிகூரா’ என்னும் கட்டுரை துணைசெய்கிறது. திருச்சபைத் தந்தையர் பழைய ஏற்பாட்டு நிகழ்வுகளைப் புதிய ஏற்பாட்டின் முன்னறிவிப்புகளாக வாசித்த முறையை அவர் அதில் ஆராய்ந்தார். உருவகக் கதையில் ஒரு பக்கம் மெய்நிகழ்வாகவும் மறுபக்கம் வெறும் கருத்தாகவும் இருக்கலாம். இவ்வாசிப்பிலோ இரு பக்கமும் வரலாற்றில் நிகழ்ந்தவை. முந்தையது பிந்தையதைச் சுட்டுகிறது. பிந்தையது முந்தையதை நிறைவு செய்கிறது. இவற்றை முறையே ‘முன்னுரு’, ‘நிறைவுரு’ எனலாம். இருகால நாவல் இவ்வாசிப்பின் கதைவடிவம் என்பது என் துணிபு. 1940களின் பெண் முன்னுரு. நம் காலத்துப் பெண் நிறைவுரு. இரண்டையும் இணைக்கும் ஓவியமோ கடிதமோ அடையாளப் பொருள்.

அவுர்பாக் அக்கட்டுரையை எழுதிய சூழலை மறந்து அதைப் பயன்படுத்துதல் தகாது. யூதர் என்பதனால் 1935இல் மார்பர்க் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்ட அவர், மறு ஆண்டு இஸ்தான்புல் சென்றார். அதற்கு முன்பே, 1933 நவம்பரில், பெர்லின் விளையாட்டு அரங்கில் கூடிய ‘ஜெர்மன் கிறித்தவர்’ இயக்கத்தினரிடையே ரைன்ஹோல்ட் கிராவுசே என்பவர் பழைய ஏற்பாட்டையே கைவிடுமாறு முழங்கியிருந்தார். அப்பின்னணியில், முன்னுருவும் மெய்யானதே, நிறைவுரு வந்ததால் அது அழிந்துவிடுவதில்லை என்று அவுர்பாக் வலியுறுத்தியதை வெறும் சொல்லாராய்ச்சியாகக் கொள்ள முடியாது. நிறைவுரு வந்தபின் முன்னுரு தேவையற்றது என்ற எண்ணம் திருச்சபை வரலாற்றில் யூதர்களுக்கு எதிராகத் திரும்பியது. நாவலுக்கும் இவ்வளவுகோலை வைக்கலாம்: சீராவின் மனக்காயம் ஆறியபின் அடேலின் ஆஷ்விட்ஸ் எஞ்சி நிற்கிறதா, கரைந்துபோகிறதா?

தமிழ் மரபிலும் முற்காலம் பிற்காலத்தை விளக்கும் கதையமைப்பு உண்டு. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், கோவலன் முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்ததையும், சங்கமன் மனைவி நீலியின் சாபத்தையும் கண்ணகிக்கு உரைக்கிறது. அங்கே பழையது வினையாக வந்து ஊட்டுகிறது; செய்தவனே துய்க்கிறான். இருகால நாவலிலோ ஒருத்தி பட்ட துன்பத்தின் பயனை வேறொருத்தி பெறுகிறாள். வினையின் கணக்கில் கொள்வோனும் கொடுப்போனும் ஒருவனே என்பதால் அங்கு எழாத ஒரு கேள்வி இங்கு எழுகிறது: பிறருடைய துன்பத்தின் பயனை இவள் எந்த உரிமையில் பெறுகிறாள்?

யாருடைய துன்பம்?

பிர்கெனவ் முகாமின் பெண்கள் இசைக்குழு வரலாற்று உண்மை. 1943இல் சோஃபியா சைக்கோவ்ஸ்கா என்னும் போலந்துப் பெண்ணின் தலைமையில் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் ஆல்மா ரோசே நடத்தினார். காலையில் வேலைக்குச் செல்லும் கைதிகளும் மாலையில் திரும்புவோரும் அதன் அணிநடை இசைக்கு ஏற்பவே வாயிலைக் கடந்தனர். வியன்னாவில் பிறந்த வயலின் கலைஞரான ஆல்மா, குஸ்டாவ் மாலரின் உடன்பிறந்தாள் மகள். தந்தை ஆர்னால்டு ரோசே கிறித்தவத்துக்கு மாறியிருந்தும், நாஜிச் சட்டத்தின் முன் அக்குடும்பம் யூதக் குடும்பமே. 1944 ஏப்ரலில் ஆல்மா முகாமிலேயே இறந்தார். குழுவில் செல்லோ வாசித்த அனிதா லாஸ்கர் உயிர்பிழைத்துப் பின்னாளில் சான்றுரைத்தார்.

வியன்னா, வயலின், பிர்கெனவ் என வரலாறு தந்த அச்சில்தான் அடேல் வார்க்கப்பட்டிருக்கிறாள். ஆயினும் அவள் யூதர் அல்லள். யூதருக்கு உதவித் துன்புற்ற கிறித்தவப் பெண். புனைவாசிரியருக்கு இம்மாற்றத்தைச் செய்யும் உரிமை உண்டு; யூதர் அல்லாதோரும் அக்குழுவில் இருந்தனர். ஆனால் இத்துறையில் முகாமின் மையப்பாத்திரம் உதவிசெய்த கிறித்தவராக அமைவது தற்செயல் அன்று. நிகழ்காலக் கிறித்தவ நாயகி நிறைவுருவாக வேண்டுமெனில், முன்னுருவும் அவள் தன்னை இனங்காணத் தக்கவளாக இருத்தல் வேண்டும். அமைப்பே பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. மையம் அவ்வாறு நகர்ந்தபின், கொல்லப்படவென்றே கொண்டுவரப்பட்டோர் நாயகியின் வீரத்துக்குப் பின்புலமாகிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

மாறாக, யூதப் பெண்ணையே மையமாக்கி முன்னுரு வாசிப்பை நேரடியாகப் பொருத்தினால் என்ன நேரும் என்பதற்குக் கேட் பிரெஸ்லினின் ‘ஃபார் சச் எ டைம்’ (2014) எடுத்துக்காட்டு. அது இருகால நாவல் அன்று. எஸ்தர் கதையைத் தெரசியன்ஸ்டட் முகாமில் நிறுத்தி, யூதப் பெண்ணுக்கும் முகாம் தளபதிக்கும் இடையே காதலைப் புனைந்தது. அமெரிக்கக் காதல்நாவல் எழுத்தாளர் சங்கத்தின் ரீட்டா விருதுக்கான 2015ஆம் ஆண்டு இறுதிப்பட்டியலில் அது இடம்பெற்றபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அரசன் அகாஸ்வேருவின் இடத்தில் கொலைமுகாமுக்கு ஆள் அனுப்புபவனை வைத்தபோது முன்னுரு வாசிப்பு பாரம் தாங்காமல் முறிந்தது. இருகால அமைப்பு இத்தகைய முறிவிலிருந்து ஆசிரியரைக் காக்கிறது. ஒப்புரவை முகாமுக்குள் நிகழ்த்தாமல் அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவைக்க அது இடந்தருகிறது. இவ்வடிவம் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மன்னிக்கும் உரிமை

தள்ளிவைப்பதால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதைக் கோல்கியின் நாவல் காட்டுகிறது. 1972இல் தாய் இறந்தபின் ஹன்னா, தான் அறியாத தாய்வழிப் பாட்டன் ஜெர்மனியில் உயிரோடிருப்பதை அறிந்து அங்குச் செல்கிறாள். மற்றோர் இழை தாய் லீசலாட்டின் இளமை: நாஜிக் கட்சியில் உயர விழையும் தந்தை, யூதருக்கு உதவும் குடும்பத்தைச் சேர்ந்த காதலன். தாயின் இறுக்கத்துக்கான காரணமும் பாட்டனின் குற்றமும் படிப்படியாக வெளிப்படுகின்றன.

இத்துறையில் மன்னிப்பைப் பற்றி எழுதும் எவரும் கோரி டென் போமின் நிழலில்தான் எழுதுகின்றனர். ‘த ஹைடிங் பிளேஸ்’ (1971) என்னும் அவரது தன்வரலாறு, ஹார்லெம் நகர வீட்டில் யூதர்களை மறைத்துவைத்ததையும், ராவன்ஸ்புரூக் முகாமில் தமக்கை பெட்சி 1944 டிசம்பரில் இறந்ததையும் கூறுகிறது. 1947இல் மியூனிக் நகரத் தேவாலயத்தில் அம்முகாமின் முன்னாள் காவலன் கைநீட்டியபோது, தம்மால் இயலாத மன்னிப்பை இறைவனிடம் வேண்டிப் பெற்றுக் கைகுலுக்கியதாக அவர் எழுதினார். அங்கே மன்னித்தவர் துன்புற்றவரே. ஹன்னாவோ பேத்தி. தாய்க்கு இழைக்கப்பட்டதை மகள் மன்னிப்பதை ஓரளவு ஏற்கலாம். காட்டிக்கொடுக்கப்பட்ட யூதர் சார்பில் அவளால் பேச இயலுமா?

சைமன் வீசெந்தால் 1969இல் முதலில் வெளியிட்ட ‘சூரியகாந்தி’ என்னும் நூல் இதே கேள்வியை எழுப்பியது. சாகக்கிடக்கும் எஸ்.எஸ். வீரன் ஒருவன் தன் கொலைகளுக்காகக் கைதியான அவரிடம் மன்னிப்புக் கேட்கிறான்; அவர் வாய்திறவாமல் வெளியேறுகிறார். கொல்லப்பட்டவர் சார்பில் மன்னிக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது யூத மரபில் வலுவான நிலைப்பாடு. கிறித்தவ நாவல் அந்நிலைப்பாட்டை ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் அக்கேள்வியைக் கதைக்குள் ஒரு பாத்திரமேனும் கேட்கும்போதுதான் மன்னிப்புக்கு எடை கூடுகிறது. கோல்கியின் நாவல் குற்றத்தைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்ததால் இத்துறையின் பல நாவல்களினும் நேர்மையானது. ஆறுதலை வெளியில் தேடிச்சென்ற பேத்திக்குக் கிடைத்தது குற்றவாளியின் குருதியுறவு.

பயனும் கடனும்

டாப்சனின் நாவல் இன்னும் ஒருபடி செல்கிறது. 1942 ஆம்ஸ்டர்டாம் இழையில் சிறுவயதுத் தோழியரான ஜோசி, எலீசே இருவரும், நாடுகடத்தலுக்காக நாடக அரங்கு ஒன்றில் அடைக்கப்பட்ட யூதக் குழந்தைகளை மீட்பதில் ஈடுபடுகின்றனர். எலீசேயின் மகனும் அக்குழந்தைகளில் ஒருவன் என்பதால் யூதத் தாய் பின்புலத்துக்குத் தள்ளப்படவில்லை. 75 ஆண்டுகள் பிந்திய இழையில், குடும்ப அறக்கட்டளை ஒன்றின் இயக்குநரான ஆவா, தன் கொள்ளுப்பாட்டனின் போர்க்காலப் புகழ் பொய்யோ என ஐயுறத் தொடங்குகிறாள். இங்கே நிகழ்காலம் இறந்தகாலத்தின் பயனைப் பெறவில்லை. அதன் கடனைச் சுமக்கிறது. ஆவா முன்னுருவைத் தேடிச் செல்லும்தோறும் தான் நிற்கும் தரை சரிகிறது. முன்னுரு – நிறைவுரு அமைப்பு அப்படியே இருக்க, அதன் ஓட்டம் மட்டும் எதிர்த்திசையில் திருப்பப்பட்டிருக்கிறது. இம்மூன்றனுள் இதனையே சிறந்ததாகக் கொள்கிறேன். ஆவாவின் காதல் இழை இவ்வளவு இடம் பெற்றிருக்க வேண்டுமா என்பது வேறு.

இந்நாவலின் வரலாற்று மூலம் ஹாலந்து அரங்கமும் அதற்கு எதிரிலிருந்த குழந்தைகள் காப்பகமும். காப்பகத் தலைவி ஹென்றியட் பிமென்டலும் அரங்கில் பணிபுரிந்த வால்டர் சூஸ்கிண்டும் யூதர்கள். பக்கத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் யோஹான் வான் ஹுல்ஸ்ட் சீர்திருத்தக் கிறித்தவர். தெருவில் வந்து நிற்கும் டிராம் வண்டி காவலரின் பார்வையை மறைக்கும் நொடிகளிலும், தோட்ட வேலிக்கு மேலாகவும் குழந்தைகள் கைமாற்றப்பட்டனர். ஏறத்தாழ 600 பேர் தப்பினர். பிமென்டல் 1943இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்ட் 1945இல் இறந்தார். வான் ஹுல்ஸ்ட் 107 வயது வரை வாழ்ந்து 2018இல் மறைந்தார்.

1972இல் யாத் வாஷெம் நிறுவனம் வான் ஹுல்ஸ்டைச் சிறப்பித்தது. ஆயினும் முதுமையில் அவர் திரும்பத் திரும்பக் கூறியது காப்பகம் காலிசெய்யப்பட்ட 1943 செப்டம்பர் நாளைப் பற்றியே. ஏறத்தாழ நூறு குழந்தைகள் எஞ்சியிருக்க, பன்னிருவரை மட்டுமே அவரால் அழைத்துச்செல்ல முடிந்தது. யாரை எடுப்பது, யாரை விடுவது என அவரே தேர்ந்தெடுக்க நேர்ந்தது. விட்டுவந்தவர்களைப் பற்றியே தாம் எண்ணுவதாக அவர் சொன்னார். இருகால நாவலின் நிகழ்கால இழை தப்பிய குழந்தையின் வழித்தோன்றலிடமிருந்தோ தப்புவித்தவரின் வழித்தோன்றலிடமிருந்தோதான் தொடங்க முடியும். விடப்பட்ட குழந்தைகளுக்கு வழித்தோன்றல் இல்லை. அவர்களிடமிருந்து இரண்டாம் இழையை நூற்க எந்த ஆசிரியராலும் இயலாது. இந்நாவல்களில் அவர்கள் வரக்கூடிய இடம் முதல் இழையின் இயல்கள் மட்டுமே. அவ்வியல்களில் அவர்களுக்குப் பெயரும் முகமும் எத்தனை பக்கங்களுக்குத் தரப்படுகின்றன என்பதை இத்துறையின் ஏனைய நாவல்களிலும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.