நெஞ்சு ஏறி இறங்கும்போதே இறந்துவிட்டார் என்பது எப்படி?

கேள்வி: என் கொழுந்தனுக்கு வயது 26. பைக்கில் போகும்போது லாரி மோதித் தலையில் பலத்த அடி. ஐசியூவில் மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். உறுப்பு தானத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். ஆனால் என் மாமியார் இன்றுவரை ஆறவில்லை. “கை சூடாத்தான் இருந்துச்சு, நெஞ்சு ஏறி இறங்குச்சு, விரல்கூட அசைஞ்சுச்சு. கோமாவுல கெடந்த புள்ளைய அவசரப்பட்டுக் கொடுத்துட்டோம்” என்று அழுகிறார். கோமாவிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறார்களே, டாக்டர்? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மாமியார் பார்த்தது மூன்றுமே உண்மைதான். அவற்றை நடத்தியது எது என்பதைத்தான் யாரோ ஒருவர் அன்றே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

இதயத்தைத் துடிக்கவைக்கும் திசு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. மூளை கட்டளையிடாவிட்டாலும், ஆக்சிஜன் கிடைத்தால் அது சில காலம் துடிக்கும், ரத்தம் ஓடும், கை சூடாக இருக்கும். மூச்சு அப்படியல்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து உத்தரவு வந்தாக வேண்டும். அந்த உத்தரவு நின்றுபோன பிறகு நெஞ்சை ஏற்றி இறக்கியது வென்டிலேட்டர்.

பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதிக்கு மூளைத்தண்டு என்று பெயர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று மூன்று பகுதிகள். நம்மை விழித்திருக்கச் செய்யும் நரம்பு வலை இதன் நடுவே ஓடுகிறது. 1949-இல் மொருஸ்ஸி, மகூன் என்ற இரு ஆய்வாளர்கள் பூனைகளில் இதை நிரூபித்தார்கள். கடுமையான தலைக்காயத்தில் மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூளைத்தண்டு நசுங்குகிறது; ரத்த ஓட்டமும் நின்றுபோகிறது. இதைத்தான் மூளைச்சாவு என்கிறோம்.

இது நடந்துவிட்டதா என்பதை ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. மண்டையிலிருந்து வெளிவரும் 12 ஜோடி நரம்புகளில், முகர்வதற்கும் பார்ப்பதற்குமான முதல் இரண்டைத் தவிர மற்ற 10 ஜோடிகளும் மூளைத்தண்டோடு பிணைந்தவை. அதனால் அந்த நரம்புகளைக் கட்டிலருகிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறோம்.

கண்ணில் டார்ச் அடித்தால் இரண்டாம் நரம்பு சேதியை நடுமூளைக்குக் கொண்டுபோகும். மூன்றாம் நரம்பு பாப்பாவைச் சுருக்கும். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டால் ஐந்தாம் நரம்பு பான்ஸுக்குச் சொல்லும். ஏழாம் நரம்பு இமையை மூடும். காதுக்குள் ஐஸ் தண்ணீர் செலுத்தினால் எட்டாம் நரம்பு தூண்டப்படும். மூளைத்தண்டு உயிரோடிருக்கும் கோமா நோயாளிக்கு இரு கண்களும் அந்தக் காதுப் பக்கமாக மெல்லத் திரும்பும். மூளைச்சாவில் கண்கள் நட்டநடுவில் நிற்கும். தொண்டையின் பின்புறம் தொட்டால் குமட்ட வேண்டும், சுவாசக் குழாய்க்குள் மெல்லிய டியூப் விட்டால் இருமல் வர வேண்டும். ஒன்பதாம், பத்தாம் நரம்புகளின் வேலை அது.

கடைசியில் மூச்சு. முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றிக் காத்திருப்போம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக 40-ஐ ஒட்டி இருக்கும் அளவு 60 மில்லிமீட்டரைத் தாண்டினால், முகுளத்தில் துளி உயிர் இருந்தாலும் மூச்சை இழுத்தே தீரும். இழுக்கவில்லை என்றால் முகுளமும் போய்விட்டது என்று பொருள்.

இதில் ஏமாற இடம் உண்டா? உண்டு, அதனால்தான் சோதனைக்கு முன்பே சில நிபந்தனைகள் இருக்கின்றன. மயக்க மருந்து உடலில் இருக்கக் கூடாது, உடல் சில்லிட்டிருக்கக் கூடாது, காரணம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் கட்டுவிரியன் கடித்தவரைப் பாருங்கள். இமை திறக்காது, கண் அசையாது, மூச்சும் நின்றிருக்கும். ஆனால் அந்த விஷம் முடக்குவது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை. மூளை உள்ளே நலமாக இருக்கலாம், பேசுவதுகூடக் காதில் விழலாம். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் எழுந்து உட்காருவார். அவருக்கு இந்தச் சோதனையைச் செய்து சாவு என்று எழுதுவது பெரும் பிழை. உங்கள் கொழுந்தனுக்கோ காரணம் தலைக்காயம், அதில் குழப்பமில்லை.

சட்டமும் அவசரப்பட விடுவதில்லை. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் சான்றளிக்க வேண்டும். சோதனைகள் இரண்டு முறை, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது.

கோமாவிலிருந்து மீண்டவர்களுக்கு மூளைத்தண்டு வேலை செய்துகொண்டிருந்தது. இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்றுக்காவது அவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். சினிமா எல்லோரையும் ஒரே கட்டிலில் படுக்கவைத்துக் கோமா என்று சொல்லிவிடுவதால் வந்த வினை இது.

விரல் அசைந்தது தண்டுவடத்தால். மூளைத்தண்டு இறந்த பிறகும் கீழே இருக்கும் தண்டுவடம் சில மணி நேரமோ சில நாட்களோ தானாக இயங்கும். சிலருக்குக் கை முழுவதும் மேலெழுந்து மார்பில் படிவதும் உண்டு. முதல்முறை பார்க்கும் நர்ஸே பதறிப்போவார். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லாமல் விடுவதை நான் எங்கள் தொழிலின் குறையாகத்தான் நினைக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. மருத்துவமனையில் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அதில் மூளைத்தண்டுச் சாவுக்கான படிவம் 10 இருக்கும். முதல் சோதனை, இரண்டாம் சோதனை என இரண்டு பத்திகளில் ஒவ்வொரு நரம்பின் பதிலும் எழுதப்பட்டிருக்கும். உங்களுக்குப் பழக்கமான டாக்டர் ஒருவரிடம் மாமியாரையும் அழைத்துப்போய், அதை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.