முதலில் கல், பிறகு கியர்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் ஓர் ஆட்டோமேட்டிக் கார் பேட்டரி இறங்கி நின்றால் நாலு பேர் ஓடிவருவார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவர்கள் சொல்லும் யோசனைகள் பலவும் கியர் வண்டிக்கு உரியவை.

"பேட்டரி போயிட்டா 'பி'யிலிருந்து கியர் நகராது."

நகரும். 'பி'யில், அதாவது பார்க்கிங் நிலையில், வைத்ததும் கியர்பாக்ஸுக்குள் ஓர் இரும்பு நாக்கு பல்சக்கரத்தில் விழுந்து வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. லிவரைத் தடுப்பது வேறொன்று: பிரேக்கை மிதித்தால் மட்டும் விடுகிற மின்பூட்டு. 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று புகார் எழுந்தபோது அந்த நிறுவனம் பொருத்திய பூட்டு இது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்றது 1989இல் வெளியான அரசு ஆய்வு. கரண்ட் இல்லாதபோது திறக்க, பல கார்களில் லிவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். அதைப் பெயர்த்து, துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு அழுத்திக்கொண்டே லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். உங்கள் காரில் அது எங்கே என்பதைக் கையேட்டில் இன்றே பார்த்துவையுங்கள்.

"நியூட்ரல் விழட்டும், ஹேண்ட் பிரேக்கை அப்புறம் பாத்துக்கலாம்."

உயிரை வாங்கும் யோசனை இது. அந்த நாக்கு விலகிய கணத்தில் ஒன்றரை டன் இரும்பைப் பிடித்துவைக்க வேறெதுவும் இல்லை. 2016இல் ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்சின், வீட்டு வாசல் சரிவில் உருண்டுவந்த தன் காரிலேயே நசுங்கி இறந்தார். ஆகவே முதலில் ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். அதன்பிறகே பூட்டில் கை வைக்கலாம். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகும். முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். ஆரோவில் மேட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் சரிவுகளில் இதை நீங்களே செய்ய வேண்டாம். ரெக்கவரி வண்டி மேட்டுப் பக்கமிருந்து பிடித்துக்கொள்ளட்டும்.

"தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும்."

ஆகாது. கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது; அந்த எண்ணெய் அழுத்தம் இல்லாமல் சக்கரத்தின் சுழற்சி எஞ்சினுக்குப் போய்ச் சேராது. அதே காரணத்தால், கயிறு கட்டி வெகுதூரம் இழுத்தால் உள்ளே எண்ணெயின்றி தேயும். இயங்கு சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். மின்சாரக் கார் என்றால் முழுதாக ஏற்றுவதே பாதுகாப்பான வழி.

"எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் 'பி' இருக்கும்."

2014இல் வந்த மாருதி செலேரியோ ஏஎம்டியில் கிடையாது. கியரில் நிறுத்தியிருந்து பேட்டரி இறங்கினால் அது கியரிலேயே நிற்கும், முன்சக்கரங்களைத் தூக்குங்கள். பட்டனில் கியர் மாறும் கார்களுக்கு முதலில் 12 வோல்ட் பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்துப் பாருங்கள்.

பேட்டரி முழுதாக இறங்கினால் அபாய விளக்கும் எரியாது. முக்கோணப் பலகையைத் தள்ளி வையுங்கள், குழந்தைகளைச் சாலையை விட்டு இறக்குங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033ஐ அழையுங்கள்.